என்ன தொழில் பண்றதுன்னே தெரியலையா? ஐடியா தேடறது, சலிக்கறது, காசு கேட்டுப் பார்க்கறது

"அக்கா, வீட்டுல இருந்தே ஏதாவது பண்ணணும், நல்ல ஐடியாவா ஒண்ணு சொல்லுங்க." வாட்ஸ்அப்ல எனக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான். நான் வட சென்னை தண்டையார்பேட்டையில சேலை ப்ரீ-ப்ளீட்டிங் (கட்டறதுக்கு முன்னாடியே மடிப்பெடுத்து, அயர்ன் பண்ணி, பின் குத்தித் தர்றது), ஃபால்ஸ் (கீழ் ஓரத்துல உள்பக்கமா துணிப்பட்டி தைக்கறது), குச்சம் (முந்தானை நுனியில நூல் முடியறது) வேலை எடுத்துப் பண்றேன். உங்களுக்கான ஐடியாவை என்னால எடுத்துக் குடுக்க முடியாது. அதை எப்படித் தேடறது, கையில இருக்கறதுல எதைத் தூக்கிப் போடறதுங்கறதை மட்டும் சொல்றேன். இது அஞ்சாயிரம், பத்தாயிரத்துல ஆரம்பிக்கறவங்களுக்கு. பெரிய முதலீட்டாளர் வேணும்னா தமிழ்நாடு அரசோட ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு பக்கம் போங்க, அது தனி உலகம்.

படி 1: நோட்டு எடுத்துக்கிட்டு நடங்க

"குறைஞ்ச முதலீட்டுல 50 தொழில்" மாதிரி வீடியோல ஆரம்பிக்காதீங்க. அதே வீடியோவை உங்க தெருவுல இன்னும் நாலு பேரு பார்த்திருப்பாங்க. ஆறு மாசத்துல நாலு வீட்டுலயும் பேப்பர் கப் மெஷின் தூசி படிஞ்சு நிக்கும்.

தேட வேண்டியது தொல்லையை. ஜனங்க எந்தத் தொல்லைக்குக் காசு குடுத்துத் தப்பிக்கறாங்க, எதை வேற வழியில்லாம சகிச்சுக்கறாங்கன்னு பாருங்க. ஞாயித்துக்கிழமை விடியக்காலம் காசிமேடு போங்க. மீன் வாங்க ஒரு கூட்டம் நிக்கும். பக்கத்துலயே மீன் ஆய்ஞ்சு வெட்டித் தர்றவங்க முன்னாடி இன்னொரு கூட்டம். வஞ்சிரத்துக்கு அஞ்சு நிமிஷம் பேரம் பேசின அதே ஆளு, வெட்டுக்கூலியை மறுபேச்சு பேசாம எடுத்துக் குடுப்பாரு. வீட்டுல செதில் தெறிக்கக் கூடாது, சிங்க்ல கவிச்சி அடிக்கக் கூடாது, அதுக்குத்தான் அந்தக் காசு.

இதை நோட்டுல நாலு கட்டமா எழுதுங்க: யாரு, என்ன தொல்லை, இப்ப எப்படி சமாளிக்கறாங்க, அதுக்கு எவ்வளவு ஆகுது. நாலாவது கட்டத்துல எழுத எதுவும் இல்லைன்னா கேள்விக்குறி போடுங்க. காசே செலவழிக்காத தொல்லை பெரும்பாலும் நம்மகிட்டயும் காசு குடுக்காது.

எனக்கான வரி பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல கிடைச்சது. துணிக்கடை வாசல்ல ஒரு அம்மா மகள்கிட்ட, "சேலை எடுக்க ஒரு மணி நேரம், ஃபால்ஸ் அடிக்க பத்து நாள். டெய்லர் போனே எடுக்கறதில்ல"ன்னு அலுத்துக்கிட்டாங்க. அங்கேயே நின்னு எழுதிக்கிட்டேன்.

கிரியேட்டிவா யோசிக்கணும்னு பயப்படாதீங்க. நோட்டுல இருக்கற ரெண்டு வரியைச் சேர்த்துப் பாருங்க, பாதி வேலை முடிஞ்சது. அத்தோவை, அதான் பர்மா நூடுல்ஸை, எடுத்துக்குங்க. 1960கள்ல பர்மாவுல இருந்து திரும்பி வந்த தமிழர்களோட அதுவும் இங்க வந்தது. பீச் ஸ்டேஷன் பக்கம் நின்னுக்கிட்டே சாப்பிடற ஐட்டம், கூடவே வாழைத்தண்டு சூப். கல்யாண ரிசப்ஷன்ல லைவ் கவுன்ட்டர் வைக்கறது எல்லாருக்கும் பழகின விஷயம். ரெண்டையும் ஒட்டினா "ரிசப்ஷனுக்கு அத்தோ கவுன்ட்டர்". ரெண்டுக்கும் ஏற்கனவே ஜனங்க காசு குடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. எனக்கும் ஃபால்ஸ் தனி, ப்ளீட்டிங் தனின்னு இருந்ததை ஒரே கையில குடுத்ததுதான் தொழிலாச்சு.

படி 2: சலிக்கறது

இருபது வரி சேர்ந்ததும் சலிங்க. முதல் கேள்வி: காசு யார் பையில இருந்து வருது? எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நிக்கறதைப் பார்த்திருப்பீங்க. டிரைவருங்களுக்கு வீட்டுச் சாப்பாடு குடுக்கலாம்னு உடனே தோணும். டிரைவர் தன் பேட்டாவுல இருந்துதான் சாப்பிடணும், ஒவ்வொரு பத்து ரூபாவையும் பார்த்துத்தான் எடுப்பாரு. அதே வரிசையில லாரி ஓனர் குடுக்கக்கூடிய வேலை வேற இருக்கு: டயர் பார்க்கறது, பேப்பர் வேலை, ஸ்பேர் பார்ட்ஸ் கொண்டு போய்க் குடுக்கறது. தொல்லைப்படறவர் ஒருத்தர், காசு குடுக்கறவர் இன்னொருத்தர்னா ரெண்டு பேரையும் தனித்தனியா எழுதுங்க.

ரெண்டாவது: வருஷம் முழுக்க ஓடுமா? சித்திரையில இருந்து பங்குனி வரைக்கும் பன்னெண்டு மாசத்தையும் ஒரு பக்கத்துல எழுதி, எது ஓடும், எது படுக்கும்னு குறிங்க. மீன் சம்பந்தமான தொழில்னா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், விலை ஏறிடும். அந்த ரெண்டு மாசம் என்ன விக்கறதுன்னு பதில் இல்லாம மீன் டெலிவரி ஆரம்பிக்காதீங்க.

சேலையில இது வேற மாதிரி விளையாடும். ஆடித் தள்ளுபடியில எம்.சி. ரோட்டுல கால் வைக்க இடம் இருக்காது. ஆனா ஆடியில கல்யாணம் கிடையாது, அதனால ப்ளீட்டிங் ஆர்டர் படுத்துடும். எடுத்த சேலையெல்லாம் ஆவணி முகூர்த்தத்துக்குத்தான் வெளிய வரும். அதனால ஆடியில ஃபால்ஸ், குச்சம், ஆவணியில ப்ளீட்டிங்னு பிரிச்சு வெச்சிருக்கேன். கூட்டத்தைப் பார்த்து மயங்காதீங்க. அந்தக் கூட்டம் எதுக்குக் காசு எடுக்குதுன்னு பாருங்க.

மூணாவது கேள்வி சின்னது: இதைச் செய்ய உங்ககிட்ட இடம், கைத்திறமை, நேரம் மூணுல குறைஞ்சது ரெண்டு இருக்கா? இல்லைன்னா அடுத்த வரிக்குப் போங்க.

படி 3: ஐடியாவைச் சொல்லாம விசாரிக்கறது

எனக்கு ரொம்ப நேரம் பிடிச்ச படி இதுதான், அதனால நிதானமா சொல்றேன்.

"நான் இப்படி ஒண்ணு ஆரம்பிக்கப் போறேன், நீங்க வாங்குவீங்களா?"ன்னு கேட்டா, நம்ம ஊர்ல யாரும் முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. "சூப்பரா இருக்கு, ஆரம்பிம்மா, முதல் ஆர்டர் நம்மளுதுதான்"னுவாங்க. அதுல பொய் இல்ல, பாசம்தான். ஆனா பாசத்தை வெச்சு வாடகை கட்ட முடியாது. அதனால ஐடியாவையே வாயில எடுக்காம, நடந்து முடிஞ்சதைக் கேளுங்க. பக்கத்துத் தெரு அக்காகிட்ட நான் பேசினது இப்படி:

"கடைசியா பட்டு எப்பக்கா கட்டினீங்க?"
"மச்சினர் பொண்ணு கல்யாணத்துக்கு."
"யாரு கட்டி விட்டது?"
"எங்க… நானே. அரை மணி நேரம் மடிப்பு நிக்கவே இல்ல. அப்புறம் பார்லர் பொண்ணு வந்து சரி பண்ணிச்சு."
"அதுக்குத் தனியா குடுத்தீங்களா?"
"ஐநூறு வாங்கிட்டா அவ."

இதுக்கு மேல எதுவும் வேணாம். எப்ப, எப்படி சமாளிச்சாங்க, எவ்வளவு குடுத்தாங்க, மூணும் வந்துடுச்சு. "நானே கட்டிப்பேன், எனக்கென்ன"ன்னு சொல்றவங்களையும் எழுதிக்குங்க, அவங்க நம்ம ஆளு இல்ல.

சொந்தக்காரங்களை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க. பேசற பத்து பேருல குறைஞ்சது ஏழு பேரு உங்களுக்கு முன்ன பின்ன தெரியாதவங்களா இருக்கணும். ரேஷன் கடை வரிசை, ஸ்கூல் வாசல், ஷேர் ஆட்டோ, எங்க வேணா பேசலாம். வட சென்னையில பேச்சுக் குடுத்தா பேசாதவங்க கம்மி.

அப்புறம்தான் காசு. விசாரிச்சதுல ஆர்வமா இருந்தவங்ககிட்ட திரும்பப் போய், "அடுத்த முகூர்த்தத்துக்கு நான் பண்ணித் தரேன். இப்ப நூறு ரூபா ஜிபேல போட்டு உங்க தேதியைப் பிடிச்சுக்கலாம்"னு சொல்லிப் பாருங்க. கூச்சமாத்தான் இருக்கும். "அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்"னா அது இல்லைன்னு அர்த்தம். "நூறு எதுக்கு, அம்பது போடறேன்"னா, அவங்க கஸ்டமர். பேரம் பேசறவங்களைப் பார்த்துச் சோர்ந்து போகாதீங்க, வாங்கற எண்ணம் இல்லாதவங்க பேரமே பேச மாட்டாங்க.

கூகுள் ஃபார்ம் சர்வே எனக்குப் பிடிக்காது. கேள்விக்கு டிக் அடிக்கறது சும்மா, நூறு ரூபா அனுப்பறது சும்மா இல்ல.

படி 4: கணக்கு

உதாரணத்துக்கு ஒரு சேலை ப்ளீட்டிங் 350 ரூபா. கவர், பட்டர் பேப்பர், பின் 30. கரண்ட் 10 (வீட்டுல 100 யூனிட் இலவசம்தானேன்னு இதை விட்டுடாதீங்க, அயர்ன் பாக்ஸ் அதைச் சீக்கிரம் தாண்டிடும்). பைக் பார்சல் போக வர 120. மிச்சம் 190. மடிப்பெடுத்து, அயர்ன் பண்ணி, பின் குத்த ஒரு மணி நேரம். இடுப்பளவு, உயரம் கேட்டு போன் பேசறது, பேக்கிங் எல்லாம் அரை மணி. அப்போ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 127 ரூபா.

நிறைய பேரு அந்த ஒன்றரை மணி நேரத்தை எழுதவே மாட்டாங்க. "வீட்டுல சும்மாதானே இருக்கேன்"ங்கற வார்த்தை கணக்கு நோட்டுல வரக்கூடாது.

கணக்கு எழுதினாத்தான் எங்க ஓட்டைன்னு தெரியும். இதுல ஓட்டை பார்சல். ஒரு டிரிப்புக்கு ரெண்டு சேலைன்னு வெச்சா சேலைக்கு 60 குறையும், மிச்சம் 250 ஆகும். 2021 பிப்ரவரியில எங்க தண்டையார்பேட்டை வழியா விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தது எனக்கு ரொம்ப வசதி. ஸ்டேஷன் வாசல்லயே கை மாத்திடலாம், பார்சல் செலவே இல்ல.

இன்னொரு வரியும் போடுங்க: கெட்டுப்போனா? பத்தாயிரம் ரூபா பட்டு அயர்ன்ல கருகினா, 190 கணக்குல அம்பது சேலைக்கு மேல உழைச்ச லாபம் போச்சு. ஒவ்வொரு ஆர்டர்லயும் பத்து ரூபா தனி டப்பாவுல போடுங்க. ஜரிகை மேல காட்டன் துணி போடாம அயர்ன் வைக்கவே வைக்காதீங்க.

படி 5: சின்னதா ஓட்டிப் பார்க்கறது

லோகோ, போர்டு, விசிட்டிங் கார்டு எதுவும் இப்ப வேணாம். முன்பணம் குடுத்தவங்களுக்கு மட்டும் செஞ்சு குடுங்க. அவங்க ரெண்டாவது தடவை வர்றாங்களா, இன்னொருத்தரை அனுப்பறாங்களான்னு பாருங்க. ரெண்டும் இல்லைன்னா வேலையில குறையா, விலையில குறையான்னு அவங்களையே கேளுங்க.

கருவி விஷயத்துல நான் பழைய ஆளு. ஐடியாவுக்கு லாங் சைஸ் நோட்டு, ஆர்டருக்கு வாட்ஸ்அப் பிசினஸ், அதுல கேட்டலாக்ல விலையோட படம். கணக்குக்கு கூகுள் ஷீட். காசு கட்டி வாங்கற ஆப் ஒண்ணும் தேவைப்படல.

பேப்பர் வேலை

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்னு பதிவு பண்றது, அரசு தளத்துல இலவசம், ஆதாரும் பானும் போதும். காசு கேட்கற தளம் வந்தா மூடிடுங்க. சாப்பாட்டுப் பொருள்னா எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) பதிவு இல்லாம விக்காதீங்க. ஜிஎஸ்டி, தமிழ்நாட்டுக்குள்ள பொருள் விக்கறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினாத்தான் கட்டாயம்.

மானியத்தைப் பார்த்து தொழிலைத் தேர்ந்தெடுக்காதீங்க. தொழில் சரின்னு தெரிஞ்ச பிறகு மாவட்டத் தொழில் மையத்துல விசாரிங்க. வேலையில்லா இளைஞர்களுக்கான யூஒய்இஜிபி திட்டத்துல 25 சதவீதம் மானியம், எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்துல 35 சதவீதம். மத்திய அரசோட சிறு தொழில் கடன் திட்டமான முத்ராவுல சிசு கடன் 50,000 ரூபா வரைக்கும். பயிற்சி வேணும்னா ஈக்காட்டுத்தாங்கல்ல இருக்கற தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்துல பாருங்க.

பிறகு சேர்த்தது: "ஐடியாவை வெளிய சொன்னா திருடிட மாட்டாங்களா?"ன்னு நிறைய பேரு கேட்டிருந்தீங்க. வெறும் ஐடியாவுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, அதனால மூடி வெச்சும் பிரயோஜனம் இல்ல. பேருக்கு உண்டு. பேர் வைக்கறதுக்கு முன்னாடி, டிரேட்மார்க் (வணிகப் பேர்) பதிவு பண்ற அரசு தளமான ஐபி இந்தியாவுல அதே பேரு இருக்கான்னு தேடுங்க, தேடறது இலவசம். டிரேட்மார்க் விண்ணப்பம் தனிநபருக்கு ஆன்லைன்ல ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவை வகைக்கு) 4,500 ரூபா. ஆர்டர் ஓட ஆரம்பிச்ச பிறகு பண்ணா போதும்.

மறுபடியும் சேர்த்தது: முன்பணம் வாங்கிட்டு வேலையை எடுக்க முடியலைன்னா என்ன பண்றதுன்னு வியாசர்பாடியில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அன்னிக்கே, வந்த அதே நம்பருக்கு முழுசா திருப்பிப் போடுங்க தம்பி. ஸ்க்ரீன்ஷாட்டையும் அனுப்பிடுங்க. முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போதே சொல்லிட்டீங்கன்னா, அவங்க வேற ஆள் பார்த்துக்கலாம்.