இரவு வானத்தைப் படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன அமாவாசைக்கு நாலைந்து பேராக ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். காவலூர் வானாய்வகம் இருக்கிற அதே மலை. விடியற்காலை ஐந்து மணிக்கு, முதல் தடவையாக வந்திருந்த தம்பி ஒருவர் ராத்திரி எடுத்ததையெல்லாம் லேப்டாப்பில் போட்டு ஸ்டாக் செய்து, அதாவது எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கி, முடித்திருந்தார். படம் அருமையாக வந்திருந்தது. "அண்ணே, கார்டை ஃபார்மட் பண்ணிடறேன், நாளைக்கு ஒரு கல்யாண வேலை இருக்கு" என்றார். எழுந்து போய்க் கேமராவைக் கையில் வாங்கிக்கொண்டேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, பௌர்ணமி அன்று பால்வீதியைத் தேடுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு ராத்திரி வீணானால் தானாகப் புரிந்துவிடும்.

வடக்கை மறைத்த இடத்தில் ட்ரைபாட் போடுவது

வானம் சுழல்வதற்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கரைத் துருவ நட்சத்திரத்துக்கு நேர்ப்படுத்துவதை ஐரோப்பிய, அமெரிக்க வீடியோக்களில் பார்த்துக் கற்கிறோம். அவர்களுக்கு அது 40, 50 பாகை உயரத்தில் நிற்கும். ஜவ்வாது மலையில் 12, 13 பாகைதான். கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால் அதற்குச் சற்று மேலே. ஒரு புளியமரம் போதும் மறைக்க. வெளிச்சம் இருக்கும்போதே போய் வடக்கு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஃபோகஸை ஒரு தடவை வைத்துவிட்டு மறந்துவிடுவது

ராத்திரி ஏற ஏறக் குளிரும், ஃபோகஸ் நகரும். மணிக்கொரு தடவை ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஃபிளாட் எடுக்காமல் கிளம்புவது

கிளம்பாதீர்கள். சீரான வெளிச்சத்தை எடுத்து வைக்கும் படம்தான் ஃபிளாட்; தூசியின் நிழலையும் ஓரத்து இருட்டையும் பிறகு நீக்க அது வேண்டும்.

ஸ்டாக் முடிந்ததும் மூலப் படங்களை அழிப்பது

2023 மே 19, வெள்ளிக்கிழமை, அமாவாசை. இதே மலையில் இரவு எட்டு மணியிலிருந்து நள்ளிரவு வரை எம் 101 விண்மீன் மண்டலத்தை எடுத்தேன். சப்தரிஷி மண்டலத்தின் பக்கத்தில், சுமார் 2.1 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருப்பது. இரண்டு நிமிடப் படங்கள் 120. சனிக்கிழமை ஸ்டாக் செய்தேன், நிறம் கூட்டினேன், ஜேபெக்காகச் சேமித்தேன். ஹார்ட் டிஸ்க் நிரம்பியிருந்ததால் 120 ரா கோப்புகளையும், அதாவது கேமரா பதிந்த மூலப் படங்களையும், அழித்தேன். மொத்தம் 3 ஜிபி. கார்டையும் ஃபார்மட் செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை நண்பர் கூப்பிட்டார். "எம் 101-ல சூப்பர்நோவா வெடிச்சிருக்கு. வெள்ளிக்கிழமை அதைத்தானே எடுத்தீங்க?" ஒரு நட்சத்திரமே வெடித்துச் சிதறுவதுதான் சூப்பர்நோவா. ஜப்பானின் அமெச்சூர் வானியலாளர் கோய்ச்சி இதகாகி இந்த வெடிப்பைக் கண்டுபிடித்த நேரம் நம் கணக்கில் அதே வெள்ளி இரவு 11 மணியை ஒட்டி. அதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே என் கேமரா அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தது. ஜேபெக்கைத் திறந்தேன். சுருள் கையில் புள்ளி இருந்தது.

ஆனால் அந்தப் புள்ளியால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. நாலு மணி நேரத்தையும் ஒன்றாகக் குழைத்த சராசரி அது. எட்டரைக்கு எவ்வளவு மங்கலாக இருந்தது, பதினொன்றுக்கு எவ்வளவு ஏறியது என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. ரா கோப்பில் விழுந்த ஒளிக்கு நேர்விகிதத்தில் எண்கள் இருக்கும். அக்கம்பக்கத்து நட்சத்திரங்களின் தெரிந்த ஒளியளவோடு ஒப்பிட்டு அளக்கலாம். நிறமும் பிரகாசமும் இழுத்துக் கூட்டிய பிறகு அந்த விகிதம் போய்விடும். அந்த நாட்களில் உலகெங்கும் அமெச்சூர்கள் பத்திரமாக வைத்திருந்த படங்களைத் திரட்டித்தான் வெடிப்பின் முதல் மணி நேரங்களை விஞ்ஞானிகள் மீட்டெடுத்தார்கள். என் 120 படங்கள் அதில் இல்லை. இன்றும் நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

வானியலில் படத்தின் மதிப்பே இதுதான். 1923 அக்டோபரில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் வானியலாளர் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமீடாவை எடுத்த கண்ணாடித் தகட்டில் ஒரு புள்ளியை முதலில் நோவா, அதாவது திடீரெனப் பிரகாசமாகும் நட்சத்திரம், என்று குறித்தார். பழைய தகடுகளோடு ஒப்பிட்ட பிறகு அதை அடித்துவிட்டு, ஒளி மாறும் நட்சத்திரம் என்று எழுதினார். அதன் ஒளி மாறும் வேகத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டதில், ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனி மண்டலம் என்பதற்கு அந்தப் புள்ளிதான் சான்றானது. முன்பு எடுத்த தகடுகளை இடத்தை அடைக்கிறதென்று யாராவது தூக்கிப் போட்டிருந்தால்?

2016 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் விக்டர் புசோ என்ற அமெச்சூர், புதுக் கேமராவைச் சோதிக்க என்ஜிசி 613 என்ற விண்மீன் மண்டலத்தை வரிசையாகக் குறுகிய எக்ஸ்போஷரில் எடுத்தார். முதல் படங்களில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு புள்ளி முளைத்து ஏறிக்கொண்டே போனது. ஒரு சூப்பர்நோவாவின் முதல் வெளிச்சம். சோதனைப் படம்தானே என்று அவர் அலட்சியமாக விட்டிருக்கலாம்.

ஸ்டாக் செய்த படம் மாட்டி வைக்க. மூலப் படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள். இடம் போதாவிட்டால் வேறு எதையாவது அழியுங்கள்.

கேமரா கடிகாரத்தைக் கவனிக்காதது

நேரம் தப்பாக இருந்தால் ரா கோப்பு இருந்தும் பாதிப் பயன்தான். கிளம்புமுன் போனைப் பார்த்து நொடிவரை சரிசெய்யுங்கள். மறந்துவிட்டால் எவ்வளவு வித்தியாசம் என்றாவது எழுதி வையுங்கள்.

அந்தத் தம்பியின் கார்டை அங்கேயே என் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்தோம். 96 கோப்புகள். அவர் கேமரா ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தது. அதை ஒரு சின்னக் குறிப்பாக எழுதி அதே ஃபோல்டரில் போட்டுக் கொடுத்தேன்.