தாக்குதல் புகாரை எழுதும் முறை: பொது ஊழியர், முதியோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள்

தாக்குதல் வழக்கு எந்தப் பிரிவில் பதிவாகும் என்பதை முதல் நாள் எழுதப்படும் புகாரே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பிரிவு எண்களைக் குறிப்பிடுவது புகார்தாரரின் பொறுப்பு அல்ல. ஆனால் சட்டம் எந்த உண்மைகளைத் தேடுகிறது என்று தெரிந்து, நடந்தவற்றில் அவற்றை விடாமல் எழுதுவது அவருடைய கையில்தான் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதற்கு முன் நடந்தவற்றுக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும்.

முதலில் காயத்தின் தன்மையைப் பாருங்கள். எலும்பு முறிவு, பல் உடைதல், பார்வை அல்லது கேட்கும் திறனை நிரந்தரமாக இழத்தல், உயிருக்கு ஆபத்தான காயம், பதினைந்து நாட்கள் கடும் வலியில் துன்புறுதல் அல்லது அந்த நாட்களில் வழக்கமான வேலைகளைச் செய்ய இயலாமல் போதல் ஆகியவை சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவின்படி கொடுங்காயத்தில் அடங்கும். பழைய சட்டத்தில் இந்தக் கால அளவு இருபது நாட்களாக இருந்தது. சாதாரண காயத்திற்கு 115(2)-இன் கீழ் உச்ச தண்டனை ஓராண்டு. கொடுங்காயத்திற்கு 117(2)-இன் கீழ் ஏழாண்டு. இவ்வளவு பெரிய வேறுபாடு மருத்துவப் பதிவைச் சார்ந்திருப்பதால், சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று, யார், எதைக் கொண்டு, உடலின் எந்தப் பகுதியில் தாக்கினார் என்பதை மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வலி தொடர்ந்தால் மறுபடியும் மருத்துவரைப் பார்த்து அதையும் பதிவாக்குங்கள்.

தாக்கப்பட்டவர் பொது ஊழியர் என்றால், அவர் அரசுப் பணியில் இருக்கிறார் என்று எழுதினால் மட்டும் போதாது. தாக்குதலுக்கும் கடமைக்கும் உள்ள தொடர்பைச் சட்டம் கேட்கிறது: கடமையைச் செய்துகொண்டிருந்தபோது தாக்கப்பட்டாரா, கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதற்காகத் தாக்கப்பட்டாரா, அல்லது சட்டப்படி ஏற்கெனவே செய்த செயலுக்குப் பழிவாங்கத் தாக்கப்பட்டாரா? மூன்றில் ஒன்று இருந்தாலே போதும் என்பதால், ஆக்கிரமிப்பை அகற்றிய அதிகாரியைச் சில நாட்கள் கழித்து அவருடைய வீட்டு வாசலில் அடித்தாலும் 121-ஆம் பிரிவு பொருந்தும். காயத்திற்கு ஐந்தாண்டு வரையும், கொடுங்காயத்திற்கு ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரையும் சிறை விதிக்கலாம். காயமே ஏற்படாவிட்டாலும், தாக்க முனைந்ததற்கோ குற்றமாகும் வகையில் பலத்தைப் பயன்படுத்தியதற்கோ 132-ஆம் பிரிவில் ஈராண்டு வரை தண்டனை உண்டு. ஆகவே அன்றைய பணி ஆணை, பணி நேரம், தாக்கியவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றைத் தவறாமல் சேர்க்க வேண்டும். சொந்த நிலத் தகராறில் நடந்த அடிதடியைக் கடமையோடு ஒட்டவைத்து எழுதுவது தவறு. இந்தப் பிரிவுகள் பிணை உரிமையாகக் கிடைக்காதவை என்பதால், பொய்யான ஒரு வரி ஒருவரைச் சிறைக்கு அனுப்பிவிடக்கூடும்.

முதியவர்களின் நிலைமை வேறு. இது என்னை வருத்தும் இடைவெளி. முதியவரைத் தாக்குவதற்கென்று சன்ஹிதாவில் தனிப் பிரிவு இல்லை. சாதாரண காயம் மட்டும் என்று புகார் அமைந்துவிட்டால், குற்றவியல் நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவின்றிக் காவல்துறை புலன்விசாரணை செய்ய இயலாது. கத்தியோ, உயிரைப் பறிக்கக்கூடிய வேறு ஆயுதமோ பயன்படுத்தப்பட்டிருந்தால், அல்லது கொதிநீர் போன்ற சூடான பொருள் ஊற்றப்பட்டிருந்தால், 118-ஆம் பிரிவு வரும். அந்த விவரத்தைப் புகாரில் விட்டுவிடாதீர்கள். தாக்குதலால் நிரந்தர ஊனம் ஏற்பட்டிருந்தால், 117(3)-இன்படி குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டு.

குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவரே தாக்கினால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு பொருந்தும். ஆகவே தாக்கியவருக்கும் குழந்தைக்கும் உள்ள உறவைத் தெளிவாக எழுதுங்கள். மாற்றுத்திறனாளியை அவமதிக்கும் நோக்கத்தோடு தாக்கினால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. இந்த நோக்கத்தைக் காட்டுவது பெரும்பாலும் தாக்கியவர் பேசிய வசைச் சொற்களே என்பதால், கூச்சப்பட்டு அவற்றை மறைக்காமல் அப்படியே எழுத வேண்டும்.

உடனடி உதவிக்கு 112, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567 ஆகிய எண்களை அழைக்கலாம். சம்பவம் வேறு எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டுப் பெறுங்கள். பதிவு செய்ய மறுத்தால், புகாரை எழுத்து வடிவில் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பி, அதற்கும் பலன் இல்லையென்றால் நடுவரிடம் மனு செய்யலாம். அறுபது வயதைக் கடந்த ஆண்கள், எந்த வயதிலும் உள்ள பெண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்காகக் காவல் நிலையத்திற்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்திற்கே காவலர் வர வேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் காவல்துறைக்கு உண்டு; அந்தத் தகவல் வராவிட்டால் எழுத்து மூலமாகவே கேளுங்கள்.