சிவப்புப் பெட்டி ஊர்வலம்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்குக் கொழுந்து நிறுவை பதிய, ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் ஒரு செயலி செய்திருந்தேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சிக்னல் போனால் போதும், "பெயர்ப்பட்டியல் வரவில்லை" என்று சிவப்புப் பெட்டிகள் வரிசை கட்டும். "தம்பி, ஒரு தரம் சொன்னா விளங்காதா?" என்றார் கணக்கப்பிள்ளை.

முதலில் பிழை தேட உதவும் ரியாக்டின் ஸ்ட்ரிக்ட் மோடைச் சந்தேகித்தேன். ஆனால் அது டெவலப்மென்டில் மட்டும்தான் எஃபெக்டை (திரை வரைந்த பின் ஓடும் வேலையை) இரண்டு தரம் ஓட்டும். குற்றவாளி, எஃபெக்ட் எப்போது மறுபடி ஓட வேண்டும் என்று சொல்லும் யூஸ்எஃபெக்டின் சார்புப் பட்டியலில் நான் போட்டிருந்த ஆப்ஜெக்ட். ஒவ்வொரு ரெண்டரிலும், அதாவது திரை மறுபடி வரையப்படும்போதெல்லாம், அது புதிதாகப் பிறந்தது; எஃபெக்டும் மறுபடி ஓடியது. பிழையை ஸ்டேட்டில் (திரை காட்டும் தரவில்) வைத்ததும் மறுபடி ரெண்டர், பட்டியலைக் கேட்டு மறுபடி ஃபெட்ச், மறுபடி பிழை.

சரி, ஆப்ஜெக்டை எடுத்துவிட்டுப் பிரிவு எண்ணை மட்டும் வைத்தேன். எஃபெக்டைத் துப்புரவாக்கும் கிளீனப்பில், பழைய ஃபெட்சை நிறுத்த அபார்ட் கன்ட்ரோலர். அப்படி நிறுத்தியதால் வரும் அபார்ட் எரருக்கு அறிவிப்பே இல்லை. மற்றப் பிழைகளின் அறிவிப்புக்கு நிலையான ஐடி கொடுத்ததால், புதியது பழையதின் இடத்திலேயே வரும்; இப்போது ஒரே பெட்டிதான்.