மாரிக்குப் பிறகு கிணத்துக்குக் குளோரின் போடுறது எப்பிடி

போன மார்கழி மழை விட்டு ரண்டு கிழமையால என்ர மகளுக்குக் காய்ச்சல் தொடங்கிச்சுது. ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போச்சு. தலையிடி, வயித்து நோ. பனடோல் குடுத்து நாலு நாளை வீணாக்கிப்போட்டன். ரத்தம் சோதிச்ச பிறகுதான் நெருப்புக்காய்ச்சல் (டைஃபொயிட்) எண்டு தெரிஞ்சது.

வீட்டுக்கு வந்த பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) நேர கிணத்தடிக்குப் போனார். அங்கயிருந்து பின்வளவுக் கக்கூஸ் குழிவரைக்கும் காலால அளந்தார். பதினொரு எட்டு. தண்ணி கண்ணாடி மாதிரித்தான் இருந்தது, சோதிச்சால் மலக்கிருமி.

எங்கட மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக்கல், முழுக்க வெடிப்பும் பொந்தும். மணலுக்குள்ளால மெல்ல வடிஞ்சால் கிருமியில கொஞ்சமாவது தங்கும். இங்க வெடிப்பு வழியா ஓடி வந்திடும். மாரியில நிலத்தடித் தண்ணி உயர்ந்து குழியையே தொடும். நோயாளியின்ர மலத்தில போற நெருப்புக்காய்ச்சல் கிருமி, சல்மொனெல்லா தைஃபி, இப்பிடித்தான் இன்னொருத்தற்ற வாய்க்கு வருது. குடலுக்குள்ளால ரத்தத்தில கலந்து காய்ச்சலாக் காட்ட ஒண்டு தொடக்கம் மூண்டு கிழமை பிடிக்கும். மாறின பிறகும் சிலற்ற பித்தப்பையில கிருமி தங்கியிருந்து, ஒரு வருத்தமும் இல்லாமல் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

முதல் கிணத்தின்ர குறுக்களவை மீட்டரில எடுங்கோ. கயித்தில கல்லுக்கட்டி இறக்கித் தண்ணியின்ர ஆழத்தைப் பாருங்கோ. குறுக்களவு × குறுக்களவு × ஆழம் × 785. அதுதான் லீற்றர். 3 மீட்டர் குறுக்களவு, 4 மீட்டர் தண்ணி எண்டால் 28,000 லீற்றருக்குக் கிட்ட. 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் குளோரின் தூள் (பிளீச்சிங் பவுடர்), ஆக 70 கிராம். தராசில நிறுங்கோ, கைக்கணக்கு வேண்டாம். கனநாள் திறந்து கிடந்த தூளுக்கு வீரியம் இராது.

மூக்கை மூடி, கையுறை போட்டு, பிளாஸ்டிக் வாளியில தூளைக் கொஞ்சத் தண்ணியோட களியாக் குழையுங்கோ. பிறகு முக்கால் வாளிக்குத் தண்ணி விட்டுக் கலக்கிப் பத்து நிமிசம் அடைய விடுங்கோ. தெளிஞ்சதை மட்டும் வேற வாளிக்கு மாத்துங்கோ. அடியில கிடக்கிற சுண்ணாம்பு கிணத்துக்கை போகக்கூடாது. தெளிஞ்சது இருக்கிற வாளியைக் கிணத்துத் தண்ணிக்குள்ள தாழ்த்தி, மேலயும் கீழயும் நல்லா அடிச்சுக் கலக்குங்கோ. குறைஞ்சது ஒரு மணித்தியாலம் விடவேணும். நான் பின்னேரம் போட்டு விடியத்தான் அள்ளுறனான். வெள்ளம் கட்டுக்கு மேலால ஏறின கிணறெண்டால் இந்த அளவு காணாது, பி.எச்.ஐ.யைக் கூப்பிடுங்கோ.

குடிக்கிற தண்ணியை அதுக்குப் பிறகும் கொதிக்க வைக்கிறம். சர்பத்துக்குப் போடுற ஐஸும் கொதிச்ச தண்ணியில செய்ததாத்தான் இருக்கவேணும், குளிர் இந்தக் கிருமியைக் கொல்லாது. காய்ச்சல் விட்டாலும் டொக்டர் தந்த குளிசையைக் கடைசி நாள் மட்டும் குடியுங்கோ.

எங்கட ஒழுங்கையில ஏழு கிணறு. பிள்ளையள் விளையாடுற வீட்டில எல்லாம் தண்ணி குடிக்குதுகள். இந்த முறை மழை விட்ட முதல் ஞாயிறு ஏழுக்கும் ஒண்டாப் போடுறதெண்டு கதைச்சு வைச்சிருக்கிறம். தராசும் வாளியும் என்ர பொறுப்பு.