பழைய டர்போ காரில் இக்னிஷன் டைமிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறும்போது என்ஜின் தடுமாறினாலோ நாக் (கலவை தானாக வெடித்து எழும் தட்டொலி) அடித்தாலோ, பலரும் உடனே டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பகுதி) கிளாம்ப்பைத் தளர்த்தித் திருப்பிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். "நாக் கேட்கும் வரை அட்வான்ஸ் கொடு, பிறகு கொஞ்சம் பின்னால் இழு" என்ற பழைய வழக்கம் டர்போவுக்கு ஆகவே ஆகாது. (தீப்பொறியை முந்த வைப்பது அட்வான்ஸ்; பிந்த வைப்பது ரிடார்ட்.) முழு பூஸ்டில் எழும் இரைச்சலைத் தாண்டி நாக் காதில் விழுவதற்குள் பிஸ்டனின் ரிங் லேண்ட் (வளையங்களைத் தாங்கும் விளிம்பு) உடைந்திருக்கலாம்.

அடுத்தது, கிராங்க் புல்லியில் இருக்கும் டைமிங் குறியை அப்படியே நம்புவது. ரப்பர் வைத்த டேம்பர் புல்லியில் வெளி வளையம் காலப்போக்கில் நழுவும். குறியும் அதோடு நகரும். பேட்டரியைக் கழற்றி, எல்லா பிளக்குகளையும் எடுத்து, முதல் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப்பை (பிஸ்டனை வழியில் தடுக்கும் கருவி) பிளக் துளையில் திருகுங்கள். கிராங்க்கைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் தடுக்கும் வரை சுற்றிப் புல்லியில் ஒரு கோடு, மறுபக்கம் சுற்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே இருப்பதுதான் உண்மையான டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை).

டைமிங் லைட் (தீப்பொறியோடு மின்னிக் குறியைக் காட்டும் விளக்கு) பிடிக்கும் முன் ஐடில் வேகம் சரியா என்று பாருங்கள். வேகம் கூடுதலாக இருந்தால் மெக்கானிக்கல் அட்வான்ஸ் (வேகம் ஏறும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் வெயிட்கள் தரும் அட்வான்ஸ்) ஏற்கெனவே தொடங்கியிருக்கும், அளவு பொய்யாகிவிடும். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றுவதா வேண்டாமா என்பது காருக்குக் கார் மாறும். சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் சட்டம். கழற்றினால் என்ஜின் பக்கத்து முனையை அடைத்துவிட வேண்டும். பாயின்ட் (திறந்து மூடும் மின் தொடுப்பு) வைத்த காரில் டுவெல்லை (பாயின்ட் மூடியிருக்கும் கோணம்) முதலில் சரிசெய்யுங்கள்: டுவெல் ஒரு டிகிரி கூடினால் டைமிங் ஒரு டிகிரி பின்தங்கும்.

ஐடிலில் அளவு சரியாக வந்ததும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் என்ஜினைக் கொல்லும் தவறு. ஐடிலில் இருக்கும்போது டர்போ என்ஜினுக்கு ஆபத்தே இல்லை. வேகத்தைப் படிப்படியாக 3,000, 4,000 ஆர்பிஎம் வரை ஏற்றி, மொத்த அட்வான்ஸ் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேகத்தை இறக்கும்போது குறி தாமதமாகத் திரும்பினால் வெயிட் ஒட்டுகிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. குறி ஓரிடத்தில் நிற்காமல் துள்ளினால் டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் தேய்ந்திருக்கலாம், டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம்.

அதன் பிறகு பூஸ்ட் ரிடார்ட், அதாவது பூஸ்ட் ஏறும்போது டைமிங் தானாகப் பின்தங்குவது. டிஸ்ட்ரிபியூட்டரில் இதற்கென கேப்சூல் (டயாஃப்ரம் உள்ள சிறு டப்பா) உள்ள காரில், அழுத்தமும் கொடுக்கக்கூடிய கைப் பம்பை அதில் மாட்டுங்கள். என்ஜின் ஓடும்போது, காரின் இயல்பான பூஸ்டைத் தாண்டாமல் 0.3, 0.5 பார் என்று கொடுத்துப் பார்த்தால் குறி ரிடார்ட் பக்கம் நகர வேண்டும். நகராவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கும், அல்லது உள்ளே தட்டு இறுகியிருக்கும். கேப்சூல் நல்லது என்று தெரிந்தாலும் ஹோஸை விட்டுவிடாதீர்கள். வேக்யூம் அதை முனையோடு இழுத்துப் பிடிக்கும். பூஸ்ட் வெளியே தள்ளும். ஐடிலில் கச்சிதமாகத் தெரியும் ஹோஸ் பூஸ்டில் வாய் திறப்பது அதனால்தான். கிளிப் இல்லாமல் விடாதீர்கள்.

டைமிங்கே இல்லாத கோளாறை டைமிங் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. பூஸ்டில் மட்டும் விட்டுவிட்டு எரிந்தால் முதலில் பிளக் இடைவெளியைப் பாருங்கள்; அழுத்தம் கூடக்கூட தீப்பொறி தாண்டுவது கடினமாகும். மேனுவல் தரும் அளவின் குறைந்த முனையில் வைத்துச் சோதியுங்கள். எல்லாச் சோதனையும் சரியாக இருந்தும் நாக் நீடித்தால், எரிபொருள் போதாமல் கலவை மெலிவதையும், டர்போ சீல் வழியாக ஆயில் கசிந்து எரிவதையும் சந்தேகிக்கலாம்.

"பாதுகாப்புக்கு" என்று நாலைந்து டிகிரி ரிடார்ட் செய்து ஓட்டுவது பாதுகாப்பே அல்ல. எரிதல் தாமதமாகி வெப்பம் எக்ஸாஸ்ட்டுக்குப் போகும். மேனிஃபோல்டு விரிசல் விடும், டர்பைன் பாழாகும்.

போர்ஷே 944 டர்போவில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங் வைக்க வழியே இல்லை. அங்கே டைமிங்கைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டர். நாக் சென்சாரின் சொல் கேட்டு ரிடார்ட் செய்வது தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி. கிளட்ச் ஹவுசிங் மேல் இருக்கும் ரெஃபரன்ஸ் சென்சாருக்கும் (கிராங்க் நிலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) ஃப்ளைவீலுக்கும் இடைவெளி சுமார் 0.8 மி.மீ. இருக்க வேண்டும். அதன் பிளக்கையும் ஸ்பீட் சென்சார் பிளக்கையும் மாற்றி மாட்டிவிட்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது; கழற்றும் முன் அடையாளம் போட்டுவிடுங்கள்.