ஊரில் தீண்டாமையை எதிர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடவுக்கும் அறுப்புக்கும் பட்டியல் சாதி மக்கள் யாருடைய வயலுக்குப் போகிறார்களோ, அவரேதான் பல ஊர்களில் கோயில் நிர்வாகத்திலும் இருப்பார். அதனால் கோயில் நுழைவோ, டீக்கடையில் சாதி பார்த்து வைக்கும் தனிக்குவளைக்கு எதிர்ப்போ நடந்த மறுநாளே கூலி வேலை நின்றுபோகும். மளிகைக் கடையில் சாமான் தர மாட்டார்கள், பால் ஊற்றினால் வாங்க மாட்டார்கள், பழைய கடனை உடனே கட்டச் சொல்வார்கள். இதை யோசிக்காமல் போராட்டத்துக்குத் தேதி குறிப்பதுதான் வெளியிலிருந்து போகிறவர்கள் செய்கிற மிகப் பெரிய தவறு. அடி விழுவது அவர்கள் பஸ் ஏறிய பிறகுதான்.

முதலில் வீடு வீடாகக் கணக்கு எடுங்கள். யார் யாரிடம் வேலை செய்கிறார், யாருக்குக் கடன் பாக்கி, ஆடு மாடு எங்கே மேய்கிறது, தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, பிணம் எந்தப் பாதையில் போகிறது? ஒரு மாதத்துக்காவது அரிசி பருப்பும், பக்கத்து ஊர்களில் மாற்று வேலையும் கைவசம் இருந்தால்தான் தேதியைப் பற்றிப் பேசலாம். இரவுக் கூட்டத்தில் ஆண்களிடம் மட்டும் கேட்டால் இந்தக் கணக்கு பாதிதான் கிடைக்கும். குழாயடியிலும் கடையிலும் நடப்பது பெண்களுக்குத்தான் தெரியும்.

இப்படி வேலையும் சாமானும் மறுக்கும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பே, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015 திருத்தம் அதைத் தெளிவாகவே சேர்த்திருக்கிறது. யார், எதை, எந்தத் தேதியில் மறுத்தார், கூட இருந்தவர் யார் என்று அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

புகாரில் அடிக்கடி விடுபடுவது சாதி விவரம். பாதிக்கப்பட்டவரின் சாதியோடு, குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர் என்பதையும் எழுத வேண்டும். சாதி சொல்லித் திட்டிய வழக்கென்றால், அது பொதுவில் பிறர் பார்க்க நடந்தது என்பதும் சாட்சிகளின் பெயரும் இருக்க வேண்டும். புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையத்தில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு சொல்கிறது. பதிய மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். 14566 உதவி எண்ணிலும் சொல்லலாம்.

பட்டியல் சாதிகளுக்குள்ளேயே, குறிப்பாக அருந்ததியர்மீது, நடக்கும் தீண்டாமையை ஒற்றுமை கெடும் என்று பேசாமல் விடுவது நியாயமே இல்லை. அங்கே வன்கொடுமைச் சட்டம் பொருந்தாவிட்டாலும் தீண்டாமையைத் தண்டிக்கும் 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்.

அமைதிப் பேச்சுவார்த்தையில் கையெழுத்தானதும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவது இன்னொரு தவறு. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் பட்டியல் சாதி மக்களைப் பிரித்து நின்ற தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. அங்கே பட்டியல் சாதி மக்கள் கோயிலுக்குள் போக 2011 ஆனது. ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறதா என்று மாதாமாதம் போய்ப் பாருங்கள். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. பார்த்ததை மனுவாக எழுதி, அடுத்த கூட்டத்துக்கு முன்பே அங்கே சேர்த்துவிடுங்கள்.