பழைய எம்ஜிபி காரை நீங்களே விற்பது எப்படி: விளம்பரம், சோதனை ஓட்டம், சாவி ஒப்படைப்பு

ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி, பிரிட்டனில் இன்றும் அடிக்கடி கைமாறும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்று. 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி என்பதாலும், உதிரி பாகங்கள் ஏறக்குறைய எல்லாமே இன்னும் கிடைப்பதாலும், பழைய கார் ஒன்றை முதன்முதலாக வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தேடி வருகிறார்கள். வியாபாரியிடம் கொடுத்தால் வேலை ஒரே நாளில் முடியும், ஆனால் அவருடைய லாபம் உங்கள் விலையிலிருந்துதான் போகும். நேரடியாக விற்றால் அந்தப் பணம் உங்களிடமே தங்கும். அதற்கு ஈடாக, முன்பின் அறியாத ஒருவர் உங்கள் காரின் ஸ்டியரிங்கைப் பிடிக்கப்போகும் அந்த அரை மணி நேரத்துக்கு நீங்கள் தயாராக வேண்டும்.

இங்கிலாந்தில் முதன்முறையாக இப்படி விற்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. டிரயம்ஃப், ஜாகுவார் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதுதான்.

படி 1: காகிதங்களை முதலில் எடுத்து வையுங்கள்

எல்லோரும் லாக் புக் என்று சொல்லும் வி5சி ஆவணம், கார் யார் பொறுப்பில் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. உரிமையாளர் யார் என்பதற்கு அது சான்று அன்று. ஆகவே நீங்கள் வாங்கியபோது பெற்ற ரசீதையும் தேடி எடுங்கள். பிறகு லாக் புக்கில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் காரில் உள்ளவற்றோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். கூரை திறக்கும் எம்ஜிபிகளில் பழையவற்றின் சேசிஸ் எண் ஜிஎச்என்3 என்றும், நிலையான கூரை கொண்ட அதே காலத்து ஜிடி வகையில் ஜிஎச்டி3 என்றும் தொடங்கும். விவரம் தெரிந்தவர் பானெட்டைத் திறந்ததும் முதலில் பார்ப்பது இந்த எண் பொறித்த தகட்டைத்தான். எண் பொருந்தவில்லை என்றால் காரணத்தை நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர் கண்டுபிடித்துக் கேட்டால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது.

வார்விக்‌ஷரில் கேடன் என்னும் இடத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், ஆலையின் தயாரிப்புப் பதிவேடுகளைப் பார்த்து ஹெரிடேஜ் சான்றிதழ் வழங்குகிறது. கார் தயாரான நாள், அப்போதைய நிறம், எஞ்சின் எண் ஆகியவை அதில் இருக்கும். கட்டணம் செலுத்தித்தான் பெற வேண்டும் என்றாலும், குரோம் பம்பர் வைத்த கார் என்றால் அது வீண் செலவு அன்று.

40 ஆண்டுகளைக் கடந்த, கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு, சாலையில் ஓடத் தகுதி உண்டா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்ஓடி சோதனை 2018 மே மாதத்திலிருந்து கட்டாயம் இல்லை. இருந்தாலும் விற்பதற்கு முன் ஒரு முறை செய்துவிடுங்கள் என்பதே என் யோசனை. மூன்றாம் மனிதர் ஒருவர் அண்மையில் அடியில் புகுந்து பார்த்திருக்கிறார் என்பது, விளம்பரத்தில் நீங்கள் எழுதும் பத்து வரிகளைவிட அதிகம் பேசும். ஓடுவதற்குத் தகுதியற்ற நிலையில் உள்ள காரைச் சாலையில் ஓட்டுவதற்கென்று விற்பது சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். தனிப்பட்ட நம்பர் பிளேட் இருந்து அதை நீங்களே வைத்துக்கொள்ள விரும்பினால், விளம்பரம் போடும் முன்பே அதைத் தனியே எடுத்துவிடுங்கள்.

படி 2: குறைகளை எழுத்தில் கொண்டுவாருங்கள்

எம்ஜிபிக்குத் தனி சட்டகம் இல்லை. உடல்தான் பாரத்தைத் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் சில் பகுதி துருப்பிடித்தால் காரின் பலமே போய்விடும் என்பதால், வாங்க வருபவர் மண்டியிட்டு அங்கேதான் பார்ப்பார். கதவைத் திறந்தால் அது தொங்குகிறதா, மூடும்போது பின்பக்க இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவில் இருக்கிறதா என்று நீங்களே முன்கூட்டிப் பாருங்கள். வெல்டிங் செய்த படங்கள் இருந்தால் அவற்றைக் கோப்பில் சேருங்கள்.

தனி நபர் விற்கும்போது வியாபாரிக்கு உள்ள அளவு பொறுப்பு உங்களுக்கு இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன விவரம் பொய்யாக இருந்தால், 1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டத்தின்படி வாங்கியவர் உங்கள்மீது வழக்குத் தொடரலாம். ‘துருவே இல்லை’ என்று எழுதுவதைவிட, ‘இடப்பக்க சில் மாற்றப்பட்டது, வலப்பக்கம் பழையது, பின் சக்கர வளைவில் சிறு கொப்புளம் உள்ளது’ என்று எழுதுங்கள். இப்படி எழுதினால் ஆள் வராமல் போய்விடுவார் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் வராமல் போகிறவர், வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவேண்டியிருந்தவர்தான்.

படி 3: விலையும் விளம்பரமும்

விளம்பரங்களில் கேட்கப்படும் விலை வேறு, கைக்கு வரும் விலை வேறு. ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவுகளைப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். 1974 இறுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து உயரத்தையும் கூட்டினார்கள். அதற்கு முந்திய குரோம் பம்பர் கார்களுக்கே மதிப்பு அதிகம். வேகமாகப் போகும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் இருப்பதும் விலையைக் கூட்டும். கூரை திறக்கும் கார் என்றால் மார்ச், ஏப்ரலில் விளம்பரம் செய்யுங்கள். நவம்பர் மழையில் அதை யாரும் கனவு காண்பதில்லை.

படங்களில் வீட்டு எண்ணோ, கராஜின் பூட்டோ தெரிய வேண்டாம். லாக் புக்கின் 11 இலக்க ஆவண எண்ணை எக்காரணம் கொண்டும் படமெடுத்து அனுப்பாதீர்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் பெயரில் இணையவழி மாற்றங்களைச் செய்ய முயல்பவர்கள் உண்டு.

படி 4: தொலைபேசியிலேயே சலித்துவிடுங்கள்

‘கடைசி விலை என்ன?’ என்று ஒரே வரியில் கேட்கும் செய்திக்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். உண்மையாக வாங்க நினைப்பவர் சில் பகுதியைப் பற்றிக் கேட்பார், ஆயில் பிரஷர் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்பார், உங்களிடம் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்று கேட்பார். காரைப் பார்க்காமலே முழு விலைக்கு ஒப்புக்கொண்டு, ஏற்றிச்செல்லும் நிறுவனத்துக்கான பணத்தையும் சேர்த்து அனுப்புவதாகவும், மிகுதியை அவர்களிடம் கொடுத்துவிடும்படியும் சொல்பவர் ஏமாற்றுக்காரர். அவர் அனுப்பும் காசோலை திரும்பி வருவதற்குள் மிகுதிப் பணம் உங்கள் கையிலிருந்து போயிருக்கும்.

பேசும்போதே நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: பகல் வெளிச்சத்தில் மட்டுமே காட்டுவேன், லாக் புக்கில் உள்ள முகவரியில்தான் காட்டுவேன், ஓட்ட விரும்பினால் ஓட்டுநர் உரிமம் கொண்டுவர வேண்டும், காப்பீடு உறுதியாகும்வரை சாவி தரமாட்டேன். இதைக் கேட்டு முகம் சுளிப்பவரை இழப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

படி 5: காப்பீட்டை முன்னமே தீர்த்துக்கொள்ளுங்கள்

முதல்முறை விற்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. காப்பீடு இல்லாமல் பொதுச் சாலையில் ஓட்டினால் ஓட்டியவர் மட்டும் குற்றவாளி ஆவதில்லை. 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 143ஆம் பிரிவின்படி, ஓட்ட அனுமதித்தவரும் குற்றவாளியே. ‘இருக்கிறது என்று அவர்தானே சொன்னார்’ என்பது உங்களைக் காப்பாற்றாது.

பழைய கார்களுக்கான பாலிசிகள் பெரும்பாலும் பெயர் குறித்த ஓட்டுநர்களுக்கு மட்டுமே செல்லும். உங்கள் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வாங்க வருபவர் ஓட்டினால் பாலிசி செல்லுமா என்று கேளுங்கள். செல்லும் என்றால் அதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வருபவர் தன்னுடைய பாலிசியில் பிறர் காரை ஓட்டும் அனுமதி இருப்பதாகச் சொல்லலாம். அந்த அனுமதி இப்போது பல பாலிசிகளில் இல்லை. இருக்கும் இடத்திலும் அது வழக்கமாக மூன்றாம் தரப்பு இழப்பை மட்டுமே ஈடுகட்டும். அவர் உங்கள் காரைச் சுவரில் மோதினால் சுவருக்குப் பணம் கிடைக்கும், காருக்குக் கிடைக்காது. ஆகவே சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் நம்பாதீர்கள். சில மணி நேரத்துக்கென்று தற்காலிகக் காப்பீடு எடுக்கவும் வழி உண்டு, ஆனால் எல்லா நிறுவனங்களும் பழைய கார்களை ஏற்பதில்லை என்பதால் அதை முந்தைய நாளே முடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

எதுவும் அமையவில்லையா? நீங்களே ஓட்டுங்கள், அவர் பக்கத்தில் உட்காரட்டும். பழைய கார்களை அறிந்தவருக்கு அதுவே பெரும்பாலும் போதும். கியர்பாக்ஸின் சத்தமும் ஆயில் பிரஷர் முள்ளும் எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். முழு விலையும் தன் கணக்கில் ஏறிய பிறகே, பிடிக்காவிட்டால் திருப்பித் தருவதாக எழுதிக்கொடுத்துவிட்டு, ஓட்டத் தருபவர்களும் உண்டு. ஆனால் அப்போதும் காப்பீடு இல்லாமல் தரக்கூடாது.

உரிமத்தைப் பொறுத்தவரை, அட்டையைப் பார்த்து முகத்தோடு ஒப்பிட்டு, அவர் ஒப்புதலோடு படமெடுத்துக்கொள்ளுங்கள். வாகனப் பதிவையும் ஓட்டுநர் உரிமங்களையும் கவனிக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவின் இணையதளத்தில் அவர் ஒரு பகிர்வுக் குறியீட்டை உருவாக்கித் தந்தால், உரிமம் செல்லுபடியாகிறதா, தண்டனைப் புள்ளிகள் எத்தனை என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். அவர் வந்த காரின் சாவியை ஈடாக வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்று சொல்வார்கள். அந்தக் காரே திருட்டுக் காராக இருந்தால் அந்தச் சாவியால் என்ன பயன்?

படி 6: காரைக் காட்டும்போது

வீட்டில் இன்னொருவர் உடன் இருக்கட்டும். எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே விட்டுவையுங்கள்; முன்கூட்டியே சூடாக்கி வைத்தால், குளிரில் கிளம்பும்போது வரும் சத்தத்தை மறைக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

பிரிட்டனில் நன்கு அறியப்பட்ட மோசடி ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் உங்களை டிக்கிப் பக்கம் அழைத்துப்போய் ஏதோ கேட்டுக்கொண்டிருப்பார். மற்றவர் திறந்த பானெட்டுக்குள் குனிந்து, ரேடியேட்டர் நீரில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலை ஊற்றுவார், புகைபோக்கிக் குழாயிலும் சில சொட்டு தெளிப்பார். பிறகு எஞ்சினைக் கிளப்பச் சொன்னால் புகை வரும், மூடியைத் திறந்தால் நீரில் ஆயில் மிதக்கும். ஹெட் காஸ்கெட் (எஞ்சினின் மேல் பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, பாதி விலைக்குத் தாருங்கள் என்று பேரம் தொடங்கும். அவர்கள் வரும் முன் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீர் தெளிவாக இருப்பதைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். பானெட் திறந்திருக்கும் நேரம் முழுவதும் அதன் அருகிலேயே நில்லுங்கள். குறை கண்டுபிடித்துவிட்டதாக யார் சொன்னாலும் அன்றைக்கே விலை பேசாதீர்கள். உங்கள் மெக்கானிக் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டால் போதும், ஏமாற்ற வந்தவர் திரும்பி வரமாட்டார்.

படி 7: சோதனை ஓட்டம்

பாதையை நீங்கள் தேர்ந்தெடுங்கள். இருபது நிமிடத்தில் வீட்டுக்கே திரும்பும் சுற்றுப்பாதை, அதில் ஒரு மேடு, கொஞ்சம் கரடுமுரடான சாலை, ஓவர்டிரைவைப் போட்டுப் பார்க்க வேகமாகச் செல்லும் ஒரு பகுதி ஆகியவை இருந்தால் நல்லது. முதல் பாதியை நீங்கள் ஓட்டுங்கள். எஞ்சின் சூடாகும், அவரும் காரின் குணத்தைப் பார்த்துக்கொள்வார்.

இருக்கை மாறும் இடம்தான் ஆபத்தானது. ஓடும் எஞ்சினோடு நீங்கள் இறங்கி மறுபக்கம் சுற்றி வருவதற்குள் காரை எடுத்துக்கொண்டு போய்விட முடியும், அப்படிச் சாவியை விட்டு இறங்கியிருந்தால் பல பாலிசிகள் பணமும் தராது. ஆகவே வாகனங்கள் நிறுத்துவதற்கென்று உள்ள இடத்தில் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, நீங்களும் உள்ளே உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகே சாவி கைமாற வேண்டும். அவருடைய நண்பர் பின்தொடர்ந்து வேறு காரில் வருவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புதிய கார்களை மட்டுமே ஓட்டிப் பழகியவருக்குக் கிளம்பும் முன் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லை. ஏபிஎஸ் இல்லை, பல கார்களில் பிரேக் அழுத்தத்தைக் கூட்டித் தரும் சர்வோவும் இல்லை, பெடலை நன்றாக அழுத்த வேண்டும், முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி கூடுதலாக விட வேண்டும். 1967 இறுதிக்கு முந்திய கார்களில் முதல் கியருக்கு, கியர் பற்கள் மோதாமல் வேகத்தைச் சமன் செய்யும் சின்க்ரோமெஷ் கிடையாது. ஓடும்போது அதைப் போட முயன்றால் பற்கள் கரகரவென்று அலறும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக் எங்கே, ஓவர்டிரைவ் சுவிட்ச் எங்கே என்பதைக் காட்டுங்கள். சூடான எஞ்சினில் ஓடும்போது ஆயில் பிரஷர் முள் எங்கே நிற்பது வழக்கம் என்று சொல்லிவைத்தால், சிவப்பு விளக்கில் நிற்கும்போது முள் இறங்குவதைப் பார்த்து அவர் பதறமாட்டார்.

ஓட்டும் விதம் பிடிக்கவில்லை என்றால் உடனே ஓரங்கட்டச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்காகச் சங்கடப்படத் தேவையில்லை.

படி 8: பணம்

பாதுகாப்பான வழி வங்கிக் கணக்குக்கு நேரடிப் பரிமாற்றம். அவருடைய தொலைபேசித் திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று தெரிவதை நம்பாதீர்கள். போலிச் செயலிகள் உள்ளன. உங்கள் கணக்கை நீங்களே திறந்து, பணம் ஏறியதைப் பார்த்த பிறகே சாவியை எடுங்கள். பெரிய தொகைக்கு வங்கிகள் நாள் வரம்பு வைப்பதால், முன்கூட்டியே தன் வங்கியிடம் பேசிவிட்டு வரும்படி வாங்குபவரிடம் சொல்லுங்கள். ரொக்கம் என்றால் உங்கள் வங்கிக் கிளையிலேயே சந்தித்து, நோட்டுகளை அங்கேயே எண்ணிச் செலுத்துங்கள். வங்கி டிராஃப்டிலும் போலி உண்டு.

படி 9: கைமாற்றும் நாள்

ரசீதை இரண்டு பிரதிகளாக எழுதுங்கள். இருவர் பெயரும் முகவரியும், சேசிஸ் எண், மைல் கணக்கு, தொகை, தேதி, நேரம், நீங்கள் தெரிவித்த குறைகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட வேண்டும். லாக் புக்கில் வாங்குபவருக்கென்று உள்ள பச்சைத் துண்டை மட்டும் கிழித்து அவரிடம் கொடுத்துவிட்டு, மீதியை வைத்துக்கொண்டு, அவர் எதிரிலேயே டிவிஎல்ஏ இணையதளத்தில் விற்பனையைப் பதிவு செய்யுங்கள். தெரிவிக்கத் தவறினால் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. உங்கள் சாலை வரிப் பதிவு அவருக்கு மாறாது. இவ்வளவு பழைய காருக்கு வரித் தொகை பூஜ்யம்தான் என்றாலும், ஓட்டிப்போகும் முன் அவர் தன் பெயரில் வரிப் பதிவும் காப்பீடும் செய்தாக வேண்டும்.

2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 ஆகிவிட்டதால், இந்தக் காருக்கு எத்தனால் குறைவாக உள்ள இ5 வகை சூப்பர் பெட்ரோலையே போட வேண்டும் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் அரித்துவிடும்.

கார் தெருமுனையைத் தாண்டிய பிறகு உங்கள் காப்பீட்டை நிறுத்தச் சொல்லி எழுதுங்கள். டிவிஎல்ஏ அனுப்பும் உறுதிக் கடிதத்தை ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் எங்கோ நிறுத்தியதற்காக உங்கள் பெயருக்கு அபராதச் சீட்டு வந்தால், அனுப்ப வேண்டியவை அந்த இரண்டும்தான்.